மூன்றாம் மேஜை

ஜூன் 1, ஞாயிறு

காலையில் நகர வாசகசாலைச் செயலர் தங்கமாரியப்பன் வீடு தேடி வந்தார். இந்த ஆண்டு வினாடி வினாவையும் நானேதான் நடத்த வேண்டுமாம். “சோலையப்பன் சாரை விட்டா விருதுநகர்ல வேற யார் சார் இருக்கா?” என்றார். உண்மையைப் பேசுகிறவரிடம் என்ன மறுத்துப் பேசுவது? சரி என்றேன்.

22ஆம் தேதி மாலை, வாசகசாலை மாடியில். வழக்கம்போல இருவர் இருவராக ஆறு அணி, ஆறு மேஜை, பதினெட்டுக் கேள்வி. நேராக வந்த கேள்விக்குப் பதில் சொன்னால் பத்து மதிப்பெண். தெரியாவிட்டால் ‘பாஸ்’ என்று சொல்லிவிட வேண்டும். கேள்வி அடுத்த மேஜைக்குப் போகும். அங்கேயும் தெரியாவிட்டால் அதற்கடுத்த மேஜைக்கு. இப்படி வந்த கேள்விக்குப் பதில் சொன்னால் ஐந்து. ஜெயித்தவர்களுக்குச் சுழற்கோப்பை.

பரணிலிருந்து கேள்வி அட்டைப் பெட்டியை இறக்கினேன். “ஆரம்பிச்சாச்சா? இனிமே இந்த வீட்ல ஒரு வேலை நடக்காது” என்றாள் ரஞ்சிதம். துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவனுக்கு கட்டிய மனைவியிடம் கிடைக்கும் மரியாதை இதுதான். கிணற்று மோட்டார் வேறு காலையிலிருந்து ஓடவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய இராஜராஜன் தன் ஆயுளில் ஒரு மிளகாயைக்கூடப் பார்த்ததில்லை. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாம் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. அவன் போய்ச் சேர்ந்து சுமார் ஐந்நூறு ஆண்டு கழித்துத்தான் கப்பலேறி இந்தப் பக்கம் வந்தன. எனக்குத் தெரிந்த செய்திதான். ஆனால் இன்று அட்டையில் எழுதும்போது அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அத்தனை கல்லை மேலே ஏற்றியவர்கள் மத்தியானம் எதைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள்? மிளகாய் இல்லாத ஊறுகாய், தக்காளி இல்லாத ரசம். என்ன உலகமடா இது!

ரஞ்சிதத்திடம் சொன்னேன். “நம்ம வீட்லயும் மிளகாய் தீந்துபோச்சு. ராஜராஜனையே நெனச்சுட்டு உக்காந்திருக்காம கடைக்குப் போயிட்டு வாங்க” என்றாள்.

ஜூன் 4, புதன்

மோட்டார் ஓடுகிறது. வாஷர் தேய்ந்து போயிருந்ததாம்.

ஜூன் 7, சனி

அணிகளின் பட்டியலைத் தங்கமாரியப்பன் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு, காபியைக்கூட முழுதாகக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். பட்டியலைப் பார்த்ததும் காரணம் புரிந்தது.

மூன்றாவது பெயர்: செம்பியன்மாதேவி – கனிராஜ்.

என் மகளும் மருமகனும். பெயர் நான் வைத்ததுதான். சோழ அரசியின் பெயரை எல்.கே.ஜி. டீச்சர் உச்சரிக்கத் திணறியபோதும் நான் மாற்றவில்லை. வீட்டில் மாதேவி.

பதினோரு மாதமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. தேர்வெழுதி, தரவரிசையில் வந்து, தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக உட்கார்ந்த பெண். நான் வேலை பார்த்த அதே துறை. மருமகன் பரோட்டாக் கடைக்காரர் என்றாலும் வீட்டில் ஓர் அரசாங்க வேலை இருக்கிறதே என்றுதான் கல்யாணத்துக்கே ஒப்புக்கொண்டேன். அந்த வேலையை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்து உதறிவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள். மாவு பிசையப் போகிறவளுக்கு இந்த வீட்டில் வேலை இல்லை என்றேன். சொன்னதில் தப்பொன்றும் இல்லை.

இப்போது நான் கேட்கப்போகிறேன், அவள் பதில் சொல்லப்போகிறாள். நடுவர் என்பவன் நடுவர். போட்டி முடிகிறவரை போட்டியாளர் எவரோடும் கேள்வி தயாரிப்பவன் பேசக் கூடாது என்பது நானே போட்ட விதி. இந்த ஆண்டும் அதை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிப்பேன்.

இதை ரஞ்சிதத்திடம் சொன்னபோது சிரித்தாள். “நல்ல விதி. பதினோரு மாசமா கடைப்பிடிச்சுட்டுதான இருக்கீங்க.”

ஜூன் 9, திங்கள்

வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற ரஞ்சிதம் இன்று திங்கட்கிழமையும் போய்வந்தாள். எந்தச் சாமியோ தெரியவில்லை, போய்விட்டு வந்தால் சேலையில் சால்னா வாசனை அடிக்கிறது.

வந்ததும் வராததுமாகச் சொன்னாள்: “கடையைக் காலி பண்றாங்களாம். கோயமுத்தூர்ல கனிராஜோட அண்ணன் பெரிய எடமா பாத்திருக்காராம். இந்த மாசக் கடைசியில எல்லாரும் கெளம்புறாங்க.”

“நல்லது” என்றேன்.

“நல்லதா? அவ இனிமே தீபாவளிக்குக்கூட இந்த ஊருக்கு வரணும்னு ஏதாவது இருக்கா? எந்த வீட்டுக்கு வருவா? போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை பேசிருங்க.”

“போட்டி முடியட்டும்.”

அவள் அடுக்களைக்குள் போய்விட்டாள். நான் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஏற்கெனவே ஊற்றியாயிற்று என்பது பாத்தி வழிந்தபிறகுதான் தெரிந்தது.

ஜூன் 10, செவ்வாய்

நல்ல கேள்வி ஒன்று அமைந்தது. 1667இல் டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். ஜாதிக்காய் விளைகிற ‘ரன்’ என்ற பொட்டுத் தீவு டச்சுக்காரர்களுக்கு. அதற்கு ஈடாக ஆங்கிலேயர் வைத்துக்கொண்ட தீவு எது? மன்ஹாட்டன்! இன்றைக்கு நியூயார்க்கின் வானளாவிய கட்டடங்கள் நிற்கிற இடம். அன்றைக்குப் பேரத்தில் கெட்டிக்காரர்கள் டச்சுக்காரர்கள்தான் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். அஞ்சறைப் பெட்டியின் மூலையில் கிடக்கிற ஒரு காய்க்கு இத்தனை மவுசு இருந்திருக்கிறது. எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காத கதை.

மாதேவிக்கு அம்மை போட்டிருந்தபோது இதைச் சொல்லித்தான் சொறியாமல் பார்த்துக்கொண்டேன். அது இங்கே சம்பந்தமில்லை. பத்திரிகை வாசிக்கிற எவரும் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்விதான் இது.

ஜூன் 12, வியாழன்

டாக்டர் சொன்னபடி மாலை நடை. மதுரை ரோடு வழியாகச் சுற்றிப் போனால் கொஞ்சம் தூரம் கூடும், உடம்புக்கு நல்லது. கனிராஜ் கடையும் அந்த ரோட்டில்தான் இருக்கிறது, அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. எதிர்ப்பக்கம் போனேன். மாதேவி கல்லாவில் இல்லை. உள்ளே யாருக்கோ இலை போட்டுக்கொண்டு எதற்கோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இளைத்திருக்கவில்லை.

ஜூன் 14, சனி

ஒரு சின்ன நிர்வாக மாற்றம். எந்த அணிக்கு எந்த மேஜை என்று இதுவரை சீட்டுப் போட்டு எடுப்போம். அதில் கால் மணி நேரம் வீணாகிறது. இந்த ஆண்டு பெயர் கொடுத்த வரிசைப்படியே உட்கார்ந்துகொள்ளட்டும் என்று தங்கமாரியப்பனிடம் போனில் சொன்னேன். “அப்போ பாப்பாவுக்கு மூணாம் மேஜையா சார்?” என்றார். வரிசையில் யார் எங்கே என்று நான் கவனிக்கவில்லை என்றேன்.

மூன்றாம் மேஜைக்கு நேராகப் போகிற கேள்விகள் 3, 9, 15.

ஜூன் 16, திங்கள்

ஒன்பதாம் கேள்வி முடிவாயிற்று. நூறாண்டுக்கு முன் இந்தியாவின் முதல் முழுநீளப் படத்தில் அரசியாக நடிக்க ஒரு பெண்கூட முன்வரவில்லை. கடைசியில் நடித்தது யார்? பம்பாயில் ஓர் உணவு விடுதியில் சமையல் வேலை பார்த்த ஆண்! அதோடு முடியவில்லை. நான்கு ஆண்டு கழித்து வேறொரு படத்தில் கணவன், மனைவி இரண்டு பேராகவும் அவரே நடித்தார். அடுப்படியில் நின்றவரை நாடே ராணி என்று நம்பிக் கும்பிட்டிருக்கிறது. நினைத்தாலே மெய்சிலிர்க்கிறது.

பள்ளிக்கூட மாறுவேடப் போட்டிக்குப் போக வெட்கப்பட்டு அழுத ஒரு பிள்ளையிடம் நான் இந்தக் கதையைச் சொன்னதுண்டு. அந்தப் பிள்ளை அன்றைக்கு மீசை வைத்துக்கொண்டு கட்டபொம்மனாகப் போய்ப் பரிசு வாங்கியது.

ஜூன் 19, வியாழன்

கேஸ் சிலிண்டர் வந்தது. பதினைந்தாம் கேள்வியும் எழுதியாயிற்று.

செங்கல் கோயில்களைக் கற்கோயில்களாக மாற்றிக் கட்டிய சோழ அரசி. கண்டராதித்தரின் மனைவி, உத்தம சோழனின் தாய். யார்?

சோழர் வரலாறு கேட்காமல் தமிழ்நாட்டில் ஒரு வினாடி வினாவா? இதில் யாரும் குறை சொல்ல முடியாது.

ஜூன் 21, சனி

நாளைக்குப் போடச் சட்டை தேய்த்தாயிற்று. பட்டுக்கரை வேட்டிதான் சரியாக இருக்கும் என்றேன். “சம்பந்தம் பேசப் போறீங்களா, கேள்வி கேக்கப் போறீங்களா?” என்றாள் ரஞ்சிதம்.

ஜூன் 22, ஞாயிறு

எழுதியே ஆக வேண்டும்.

மாடி நிறைந்த கூட்டம். மூன்றாம் மேஜையில் மாதேவி, பக்கத்தில் கனிராஜ். அவர் என்னைப் பார்த்து எழுந்து வணக்கம் வைத்தார். அவள் குனிந்து மேஜை விரிப்பின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள்.

முதல் மேஜைக்கு நோபல் பரிசு ஐந்தைத் தட்டிய ஒரே குடும்பம். க்யூரி என்று சொல்லிவிட்டார்கள். இரண்டாம் மேஜைக்கு, ரோம் நகரை முற்றுகையிட்ட கோத்தியர் தலைவன் விலகிப்போகத் தங்கம், வெள்ளியோடு மூவாயிரம் பவுண்டு எடைக்குக் கேட்ட மசாலாப் பொருள் எது என்பது. முழித்துவிட்டு ‘பாஸ்’ என்றார்கள். நான் வாயைத் திறக்குமுன் மாதேவி, “மிளகு” என்றாள். மூன்றாம் மேஜைக்கு ஐந்து.

அடுத்து அவர்களுக்கு நேர்க்கேள்வி. ஜாதிக்காய்த் தீவு. நான் வாசித்து முடித்தேன். கனிராஜ் அவள் பக்கம் திரும்பினார். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பதினோரு மாதத்தில் முதல் தடவை.

“பாஸ்” என்றாள்.

எனக்குக் காது சரியில்லையோ என்று இருந்தது. “நேரம் இருக்கு, யோசிச்சுச் சொல்லலாம்” என்றேன். எந்த அணிக்கும் நான் அப்படிச் சொன்னதில்லை. “பாஸ், சார்” என்றாள் மறுபடி.

அதன்பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது? மற்ற மேஜைகள் விட்ட கேள்வி அவளிடம் வந்தபோதெல்லாம் எடுத்து எடுத்து வைத்தாள். 1914இல் போரிட்ட இங்கிலாந்து மன்னரும் ஜெர்மன் மன்னரும் என்ன உறவு என்று கேட்டிருந்தேன். என் அட்டையில் ‘நெருங்கிய உறவினர்’ என்றுதான் எழுதியிருந்தேன். ‘கசின்’ என்ற சொல்லைத் தாண்டி நான் யோசித்ததே இல்லை. அவள் சொன்னாள்: “ஜெர்மனிக்காரரோட அம்மாவும் இங்கிலாந்துக்காரரோட அப்பாவும் கூடப் பெறந்தவங்க. அதனால ஒருத்தருக்கு ஒருத்தர் அத்தை மகன், மாமா மகன். ரஷ்யா ராஜா இங்கிலாந்துக்காரருக்குச் சித்தி மகன். தம்பி முறை. தம்பி கூட நின்னாரு, அத்தை மகன் எதுத்து நின்னாரு. பேசித் தீத்திருக்க வேண்டிய குடும்பத்துச் சண்டைக்கு ஊரு உலகமெல்லாம் செத்துப்போச்சு.”

மாடியே கைதட்டியது. நானும் தட்டினேன். நடுவர் தட்டக் கூடாது.

ஒன்பதாம் கேள்வி. ராணியாக நடித்த சமையல்காரர். “பாஸ், சார்.” இந்தத் தடவை கனிராஜ்கூட யோசிக்கவில்லை, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பதினைந்துக்கு வரும்போது அவர்கள் முப்பத்தைந்தில் நின்றார்கள். கல்லூரி ஆசிரியர்களான ஐந்தாம் மேஜைக்காரர்கள் நாற்பது. கேள்வியை வாசித்தேன். கண்டராதித்தர் என்று சொன்னதுமே பின்வரிசையில் சிரிப்புக் கிளம்பியது. “சார், பொண்ணு பேரையே கேள்வியா வச்சுட்டீங்களே!” என்று யாரோ கத்தினார்கள். எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். தன் பெயரைச் சொன்னால் போதும், முதலிடம் அவளுக்கு. சொல்லிவிடு, சொல்லிவிடு என்றுதான் என் மனம் அடித்துக்கொண்டது. நான் நடுவனாகவா நின்றேன்?

அவள் எழுந்து நின்றாள். உட்கார்ந்தபடி சொன்னால் பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காது என்று நினைத்தாளோ என்னவோ.

“பாஸ், சார்.”

சிரிப்பு அப்படியே அடங்கிப்போயிற்று. நான்காம் மேஜைக்காரர் தயங்கித் தயங்கி, “செம்பியன் மாதேவி” என்றார். ஐந்து மதிப்பெண் கொடுத்தேன். மீதி மூன்று கேள்வியை எப்படி வாசித்தேன் என்று எனக்கு நினைவில்லை. கோப்பையைக் கல்லூரி ஆசிரியர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். கூட்டம் கலையும்போது பின்வரிசையில் கத்திய ஆள் தங்கமாரியப்பனிடம், “சார் நேர்மையான ஆளுய்யா, மக தோத்தாலும் அசையலையே” என்று சொல்லிக்கொண்டு போனான்.

நான் அசையவில்லையாம்.

எத்தனையோ அரசர்களையும் அரசிகளையும் பற்றி வாசித்து மலைத்திருக்கிறேன். பட்டத்தை விட்டுக்கொடுத்தவர்கள், ஊரை விட்டுப்போனவர்கள். ஐந்தடி மூன்றங்குலத்தில் ஒருத்தி என் கண் முன்னால் எழுந்து நின்று, தன் பெயர் தனக்குத் தெரியாது என்று சொன்னாள். இதைவிடப் பெரிய எதையும் நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது ரஞ்சிதம் ஒன்றே ஒன்று சொன்னாள். “உங்க மானத்தைக் காப்பாத்திக் குடுத்துட்டுப் போயிட்டா.”

ஜூன் 23, திங்கள்

நடைக்குப் போகவில்லை. கேள்விப் பெட்டியைப் பரணில் ஏற்றவில்லை. சாப்பிட்டேனா என்று ரஞ்சிதத்தைத்தான் கேட்க வேண்டும்.

ஜூன் 24, செவ்வாய்

நாலு மணிக்குக் கடைக்குப் போனேன். அந்த நேரத்தில் கூட்டம் இருக்காது. “வாங்க மாமா” என்று கனிராஜ் மாவுக் கையோடு ஓடிவந்தார். மாதேவி ஒரு மேஜையைத் துடைத்து, இலை போட்டு, தண்ணீர் வைத்தாள். பொரித்த பரோட்டா இரண்டு வந்தது. பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றினாள். அவள் கடையில் நான் சாப்பிடுவது இதுதான் முதல் தடவை. நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லவும் செய்தேன்.

எதிரில் உட்கார்ந்தாள். நான் கேட்டேன், “அந்த மூணும் உனக்குத் தெரியும்தான?”

“தெரியும்.”

“பின்ன ஏம்மா?”

“எங்க மேஜைக்கு நேரா வந்த மூணும் நம்ம வீட்டுக் கேள்விப்பா. ஜெயிச்சிருந்தா கோப்பை எனக்கு, கெட்ட பேரு உங்களுக்கு.” இலை ஓரத்தில் சிதறியதை எடுத்து உள்ளே வைத்தாள். “அதுமட்டுமில்ல. எனக்குக் கோவம். பேசணும்னா வீட்டு வாசல்ல வந்து பேசிருக்கலாம்ல? அதுக்கும் ஒரு கேள்வி அட்டைதானா?”

நான் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தேன்.

“சின்னப் புள்ளையிலருந்து நீங்க பதில் தெரிஞ்ச கேள்விய மட்டும்தான் கேப்பீங்க. அட்டைக்குப் பின்னாடி பதில எழுதி வச்சுட்டு, நான் அதையே சொல்றேனான்னு பாப்பீங்க. வேலைய விட்டுட்டேன்னு வந்து நின்னப்பவும், மாவு பிசையத்தான் படிச்சியான்னு நீங்களே கேட்டு, புருஷன் சொல்லிருப்பான்னு நீங்களே பதிலும் சொல்லிட்டீங்க. ஒரே ஒரு தடவை, உங்களுக்குப் பதில் தெரியாத ஒண்ண எங்கிட்ட கேளுங்கப்பா.”

கனிராஜ் மாவை ஓங்கி அடிப்பதை நிறுத்திவிட்டார். நான் யோசித்தேன். பெட்டி பெட்டியாகக் கேள்வி எழுதியவனுக்கு இந்த ஒன்றைக் கண்டுபிடிக்க அவ்வளவு நேரம் பிடித்தது.

“வேலைய ஏம்மா விட்ட?”

சட்டென்று அவள் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே தினமும் பஸ் ஏறுவதற்கு முன்னால் வாந்தி எடுப்பாளாம். அம்மாவுக்குத் தெரியுமாம். டிபன் பாக்ஸைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவருவாளாம், வழியில் நாய்க்குப் போட்டுவிடுவாளாம். ஒரு சான்றிதழுக்காக நாலு மாதம் நடந்த ஒரு பெரியம்மாவிடம், ஃபைல் மேலே போயிருக்கு, வரல என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அந்த அம்மா ஜன்னல் பக்கம் வந்தாலே இவள் எழுந்து பின்பக்கம் போய் நின்றுகொள்வாளாம். “அங்க எனக்குப் பசிக்கவே இல்லப்பா. இங்க வந்த மொத நாளு, பசியோட வந்த ஆளுங்க எல்லாம் வயிறு நெறைஞ்சு எந்திரிச்சுப் போறாங்க. எல்லாரும் போனப்பறம் நானும் உக்காந்து நாலு பரோட்டா தின்னேன். அழுதுட்டே தின்னேன்.”

ஜாதிக்காய்த் தீவு கைமாறிய ஆண்டு எனக்குத் தெரியும். ஜெர்மன் மன்னரின் அம்மா யார் என்று தெரியும். என் வீட்டிலிருந்து டிபன் பாக்ஸோடு கிளம்பிப் போன பெண் அதைத் திறக்காமலே கொண்டுவந்தது எனக்குத் தெரியாது. வாயைப் பிளந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். எந்த வரலாற்றையும் நான் அப்படிக் கேட்டதில்லை.

சொல்லி முடித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “இன்னொண்ணு கேளுங்க” என்றாள்.

கோயமுத்தூரில் வீடு பார்த்தாயிற்றா என்று கேட்டேன். தண்ணீர் எப்படி, அடுக்களையில் வெளிச்சம் வருமா என்று கேட்டேன். ராத்திரி கால் வலிக்கிறதா என்று கேட்டேன். நாங்கள் இரண்டு பேரும் வந்தால் தங்க இடம் இருக்குமா என்று கேட்டேன். கூட்டம் வர ஆரம்பித்துவிட்டது, அவள் எழுந்து போகவில்லை. ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி நிதானமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கு ஒன்றுக்குக்கூடப் பதில் தெரிந்திருக்கவில்லை.